வதந்திக்கு ஒரு ராத்திரி, ரிப்போர்ட்டுக்கு ஐந்து நாள்: பொது சுகாதார லேபில் என்ன நடக்கிறது?

2021 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை இரவு. சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை மறித்து இளம்பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் அசெம்பிள் செய்பவர்கள். சில நாள்களுக்கு முன் பூந்தமல்லி பக்கம் ஜமீன் கொரட்டூரில் இருந்த விடுதியில் சாப்பிட்ட 250-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. 159 பேரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு சில தோழிகளைப் பற்றித் தகவலே இல்லை. 'செத்துட்டாங்களாம், மறைக்கிறாங்களாம்' என்ற பேச்சு வாட்ஸ்ஆப்பில் பரவ, கூட்டம் ரோட்டுக்கு வந்துவிட்டது.

யாரும் இறக்கவில்லை. ஆனால் அதிகாரிகள் அதைச் சொன்னபோது நம்புவதற்கு ஆள் இல்லை.

அடுத்து நடந்தது உலகச் செய்தி ஆனது. ஆலை மூடப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் அதைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12-ஆம் தேதிதான் மீண்டும் திறந்தார்கள். விடுதிச் சமையலறையில் எலிகள், மோசமான கழிவுநீர் வசதி, ஆய்வுக்கு எடுத்த மாதிரிகள் பாதுகாப்புத் தரத்தில் தேறவில்லை என்று திருவள்ளூர் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரி ராய்ட்டர்ஸிடம் சொன்னார். நெரிசலான அறைகள், கான்ட்ராக்டர், ஆப்பிளின் பொறுப்பு என எல்லாவற்றையும் பேசினோம். பேச வேண்டியவைதான். ஆனால் 'எந்தக் கிருமி, எதிலிருந்து வந்தது' என்று கண்டுபிடிக்க வேண்டிய இடத்தைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. அந்த இடம், பொது சுகாதார நுண்ணுயிரியல் ஆய்வகம்.

ஏன் உடனே சொல்ல முடியாது?

கொரோனா நமக்கு ஒரு கெட்ட பழக்கத்தை விட்டுப் போயிருக்கிறது. இன்று மூக்கில் குச்சி விட்டால் நாளைக்கு ரிசல்ட் வந்துவிடும் என்ற நினைப்பு. ஆர்டி-பிசிஆர் டெஸ்ட் தேடியது ஒரே ஒரு வைரஸை. அது யாரென்று முன்பே தெரியும். உணவு நஞ்சாதல் அப்படி இல்லை. குற்றவாளி யாரென்றே தெரியாமல் தேட வேண்டும்.

முதல் துப்பு ஆய்வகத்துக்கு வெளியே இருக்கிறது. சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் ஸ்டாஃபைலோகாக்கஸ் அல்லது பேசிலஸ் சீரியஸ் மீது சந்தேகம் போகும். அரை நாள், ஒரு நாள் கழித்துக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் என்றால் சால்மொனெல்லா. உணவில் சால்மொனெல்லாவைத் தேடுவது எப்படி? முதலில் ஒரு ஊட்டக் கரைசலில் போட்டுக் கிட்டத்தட்ட ஒரு நாள் வைக்க வேண்டும். பிறகு மற்ற கிருமிகளை அடக்கிவைக்கும் இன்னொரு கரைசலில் ஒரு நாள். பிறகு தட்டில் பூசி ஒரு நாள். வளர்ந்ததை உறுதிசெய்ய மேலும் ஒன்றிரண்டு நாள். இட்லி மாவு புளிப்பது மாதிரிதான், மெஷினை மாற்றினால் சீக்கிரம் பொங்காது.

ஸ்டாஃபைலோகாக்கஸ் இன்னும் தந்திரக்காரன். அது வெளியிடும் நச்சு, கொதிக்கவைத்தாலும் போகாது. சோற்றைச் சூடு பண்ணினால் பாக்டீரியா சாகும், நச்சு இருக்கும். கல்ச்சர் தட்டில் ஒன்றும் வளராது. 'கிருமி இல்லை' என்று ரிப்போர்ட் எழுதிவிட்டுப் போகலாம். அல்லது நோயாளிகளின் அறிகுறிகளைக் கேட்டுவிட்டு, 'நச்சைத் தனியாகச் சோதிக்கணும்' என்று ஒருவர் சொல்லலாம். அந்த ஒருவர் இருக்கிறாரா என்பதில்தான் ஆய்வகத்தின் தரம் இருக்கிறது.

மாதிரி எடுப்பதிலும் இதே கதை. குளோரின் கலந்த குடிநீரைப் பிடிக்கும் கிருமி நீக்கிய பாட்டிலில் கொஞ்சம் சோடியம் தயோசல்ஃபேட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போகும் வழியெல்லாம் குளோரின் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அழுக்குத் தண்ணீர் ஆய்வகத்தில் சுத்தத் தண்ணீராக வந்து சேரும். ஐஸ் பெட்டி வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்தால் நல்லது, 24 மணி நேரம் தாண்டக் கூடாது. (மெட்ரோ பணி நடக்கும் நாளில் பூந்தமல்லியிலிருந்து போரூர் வழியாகக் கிண்டிக்குப் போனவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும்.) நோயாளியின் மலம், ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்பே எடுக்கப்பட வேண்டும். கொடுத்த பிறகு எடுத்தால் பல நேரம் ஒன்றும் கிடைக்காது.

ஒரே விடுதி, மூன்று கோப்புகள்

அந்தச் சமையலறையில் மிச்சமான சாப்பாடு, உணவுப் பாதுகாப்புத் துறைக்குச் சேர்ந்தது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி உணவு ஆய்வாளர் ரிப்போர்ட் தர 14 நாள் வரை அவகாசம் உண்டு. வழக்குப் போடுவதற்கு அது நியாயமான காலம். ரோட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அது யுகம். நோயாளியின் மாதிரி, சுகாதாரத் துறை அல்லது மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பிரிவுக்குப் போகும். தண்ணீருக்கு இன்னொரு வழி. போதாதற்கு விடுதி திருவள்ளூர் மாவட்டம், ஆலை காஞ்சிபுரம் மாவட்டம்.

மூன்று முடிவுகளையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்த்து, 'இதுவரை தெரிந்தது இது, மீதி திங்கள்கிழமை தெரியும்' என்று தைரியமாகச் சொல்ல ஓர் அதிகாரி வேண்டும். இறுதி ரிப்போர்ட் வரும்வரை வாய் திறக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று நம்பும் நிர்வாகம், அந்த இடைவெளியை வாட்ஸ்ஆப்புக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறது.

மெஷின் வந்தாச்சு, ஆள்?

1899-இல் தொடங்கப்பட்ட கிண்டி கிங் நோய்த்தடுப்பு ஆய்வு நிறுவனத்தில்தான் தமிழகத்தின் கொரோனா பரிசோதனையும் தொடங்கியது. 2020 மார்ச் 7-ஆம் தேதி மாநிலத்தின் முதல் தொற்று உறுதியானது. அந்த ஆண்டு முடிவதற்குள் அரசும் தனியாருமாகப் பரிசோதனைக் கூடங்கள் 200-ஐத் தாண்டின. கட்டடமும் கருவியும் மட்டும் அதைச் சாதிக்கவில்லை. 2020 மார்ச் இறுதியில் அரசு அவசரமாக நியமிப்பதாக அறிவித்தவர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள்: 530 மருத்துவர்கள், 1,000 செவிலியர்கள், 1,508 லேப் டெக்னீஷியன்கள். மூன்றில் பெரிய எண் எது என்று யாரும் கவனித்த மாதிரித் தெரியவில்லை. கைதட்டலும் விளக்கேற்றலும் நடந்தபோதுகூட நம் மனதில் இருந்தவர்கள் டாக்டரும் நர்ஸும்தான்.

சிக்கல் என்னவென்றால், இப்படி அவசரத்துக்கு எடுப்பதும் அவசரம் தீர்ந்ததும் விடுவதும் நுண்ணுயிரியலுக்கு ஒத்துவராது. பிசிஆர் மெஷினில் மாதிரி ஏற்றுவதைச் சில வாரங்களில் பழக்கிவிடலாம். கல்ச்சர் தட்டைப் பார்த்து 'இது சாதாரணக் குடல் பாக்டீரியா, அந்த ஓரத்தில் இருக்கிற ரெண்டு மட்டும் வேற' என்று சொல்ல ஆண்டுகள் ஆகும். ஒப்பந்தம் முடிந்து ஒருவர் கிளம்பும்போது அந்தக் கண்ணையும் எடுத்துக்கொண்டுதான் போகிறார்.

இன்னொன்று, பாக்டீரியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. சனிக்கிழமை வைத்த தட்டை ஞாயிறு பார்த்தே ஆக வேண்டும். மேலே சொன்ன சம்பவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கு ஓரிரு நாள் முன்பே மாதிரி எடுத்திருந்தாலும், சால்மொனெல்லா கல்ச்சர் முடிய ஞாயிறோ திங்களோ ஆகிவிடும். வார இறுதிக்கு டியூட்டி போட ஆள் இல்லாத ஆய்வகம், எழுதாத விதியாக வாரத்தில் நான்கு நாள்தான் இயங்கும். எத்தனை பணியிடம் என்று கணக்குப் போடும்போது தினசரி எத்தனை டெஸ்ட் என்று மட்டும் பார்த்தால் இது தெரியாது. ஷிஃப்ட் அட்டவணையை விரித்துப் பார்க்க வேண்டும்.

மற்ற வேலைகள் இன்னும் கண்ணுக்குத் தெரியாதவை. இன்குபேட்டர் சூட்டைத் தினமும் குறிப்பது. புதிதாகக் காய்ச்சிய ஊடகத்தில், தெரிந்த கிருமி வளர்கிறதா என்று பார்த்த பிறகே பயன்படுத்துவது. ஆட்டோகிளேவ் உண்மையிலேயே கொல்கிறதா என்று சோதிப்பது. அடையாளம் மறைத்த மாதிரியைக் கொடுத்து ஊழியரின் கையைச் சோதிப்பது. வேலூர் சிஎம்சி உட்படச் சில நிறுவனங்கள் ஆய்வகங்களுக்கே இப்படிப் பரீட்சை வைக்கின்றன. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி எல்லோரும் போட்டாயிற்றா என்று பார்ப்பதும் மேலாளரின் வேலைதான். கிருமியோடு தினமும் பழகுபவர்கள் அவர்கள்.

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கன்ட்ரோல் தட்டில் வளர வேண்டியது வளரவில்லை என்றால் அன்றைய ரிசல்ட் எல்லாமே சந்தேகம். அதைச் சொன்னால் மெமோ வரும் என்று ஒரு டெக்னீஷியன் பயந்தால், அந்தத் தட்டு சத்தமில்லாமல் குப்பைக்குப் போய்விடும். தவறைச் சொன்னவரைத் திட்டும் ஆய்வகத்தில் தவறு குறையாது, சொல்வதுதான் குறையும்.

தனியாரிடம் கொடுத்தால் என்ன?

எப்போதாவது வரும் கொள்ளைநோய்க்காக நிரந்தரமாக ஆள் வைப்பது செலவு, தனியாரிடம் விடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இதற்குக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் கொடுத்த விலை தெரியும். 1996-இல் அங்கே அரசு ஆய்வகங்கள் நகராட்சிக் குடிநீரைச் சோதிப்பதை நிறுத்தின. தனியார் ஆய்வகங்கள் அந்த வேலைக்கு வந்தன. 2000 மே மாதம் வாக்கர்டன் என்ற சிறிய ஊரின் தண்ணீரில் ஈ.கோலை. தனியார் ஆய்வகம் சரியாகவே கண்டுபிடித்து, மே 17 அன்று குடிநீர் அமைப்புக்கு ஃபேக்ஸ் அனுப்பியது. அவர்கள் மறைத்துவிட்டு, 'தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது' என்று சுகாதார அதிகாரிகளிடம் சொன்னார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது மே 21. 7 பேர் இறந்தார்கள், 2,300 பேருக்கு மேல் நோயுற்றார்கள். சுகாதாரத் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் அந்த ஆய்வகத்துக்கு இருக்கவில்லை.

நம் நாட்டில் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004 முதல் இருக்கிறது. ஆய்வக முடிவுகளை 'எல் படிவம்' வழியாக இணையத் தளத்தில் ஏற்ற வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்குத் தனி ஆள் இல்லாத இடத்தில் அதுவும் டெக்னீஷியன் தலையில்தான் விழும். கையுறையைக் கழற்றிவிட்டு டைப் அடிக்கும் நேரமெல்லாம் தட்டு பார்க்காத நேரம். ஒரு டேட்டா என்ட்ரி ஊழியரின் சம்பளத்தை மிச்சம் பிடிப்பது கெட்டிக்காரத்தனம் அல்ல.

2021 செப்டம்பரில் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் மாநில அரசின் மரபணுப் பகுப்பாய்வுக் கூடம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய சுகாதார உள்கட்டமைப்புத் திட்டத்தில் மாவட்டத்துக்கு ஓர் ஒருங்கிணைந்த பொது சுகாதார ஆய்வகம் உண்டு. வரட்டும். திறப்பு விழா அன்று கேட்க வேண்டிய கேள்வி, கருவி எத்தனை கோடி என்பதல்ல. ஞாயிறு டியூட்டிக்கு யார், அவர் நிரந்தரமா என்பதுதான்.

சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரும் பொது சுகாதார நிறுவனம் பூந்தமல்லியிலேயே இருக்கிறது. கொரோனா தொடக்கத்தில் வெளிநாட்டுப் பயணிகளைத் தனிமைப்படுத்தி வைத்த இடம். உணவுப் பாதுகாப்பு அலுவலர், சுகாதார ஆய்வாளர், லேப் டெக்னீஷியன் மூவரையும் ஆண்டுக்கு ஒருமுறை அங்கே உட்காரவைத்து, 'ஒரு விடுதியில் 200 பேருக்கு வாந்தி' என்று ஒத்திகை பார்க்கலாம். பெரிய செலவு இல்லை. தேவை நிச்சயம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. பழைய நெரிசலான விடுதிகளைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஒரே வளாகத்தில் அத்தனை பேர் சாப்பிடும்போது ஒரு தவறின் அளவும் பெரிதாகும்.

நீங்கள் பிஜியிலோ ஹாஸ்டலிலோ இருப்பவரா? ஒரே சாப்பாட்டில் இரண்டு மூன்று பேருக்கு உடம்பு முடியாமல் போனால், மிச்சத்தைக் கொட்டிவிடாமல் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். யார், எதை, எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், எப்போது வாந்தி தொடங்கியது என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் ஆன்டிபயாடிக் போடும் முன், 'மாதிரி எடுத்தாச்சா?' என்று கேளுங்கள். 104-க்குச் சொல்லலாம். உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்ஆப் புகார் எண் 94440 42322.