தோளில் நட்சத்திரம் உண்டு, கையில் பென்சன் இல்லை!
பரங்கிமலை ஆபீசர்களைத் துரத்தும் 20 ஆண்டுக் கணக்கு

"மிலிட்டரியில ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவருக்கு என்னப்பா குறை? மாசாமாசம் பென்சன், கேண்டீன்ல சரக்கு!"

டீக்கடையிலும் மின்சார ரெயிலிலும் அடிபடும் பேச்சு இது. இதில் கேண்டீன் விஷயம் சரிதான். பென்சன் விஷயம்தான் பாதி பேருக்குத் தெரியாத கதை.

சென்னை பரங்கிமலையில் இருக்கிறது ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி. தோளில் நட்சத்திரம் குத்திக்கொண்டு இங்கிருந்து வெளியே போகும் இளைஞர்களும் இளம் பெண்களும் பெரும்பாலும் "குறுகிய கால" ஆபீசர்கள். அவர்களுக்கு வேலை 10 ஆண்டு. அதன்பின் அவர்களும் விரும்பி, சர்க்காரும் சம்மதித்தால் இன்னும் 4 ஆண்டு. ஆக மொத்தம் 14.

ராணுவ ஆபீசருக்கு பென்சன் வேண்டுமானால் 20 ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். 14-க்கும் 20-க்கும் நடுவே 6 ஆண்டுப் பள்ளம். அந்தப் பள்ளத்தில் விழுந்தவர்களுக்கு ஒரு காசு மாதப் பென்சன் கிடையாது.

ஜவானுக்கு 15, ஆபீசருக்கு 20

வேடிக்கை என்னவென்றால், சாதாரண ஜவானுக்கு 15 ஆண்டு முடிந்தாலே பென்சன் உண்டு. (அது நியாயமானது. யாரும் அதைக் குறை சொல்லவில்லை.) ஆனால் அதே படைப்பிரிவில், அதே பனிமலையில், அந்த ஜவானுக்கு உத்தரவு போட்ட மேஜர் 14 ஆண்டு முடித்து ஊருக்கு வந்தால் வெறுங்கை. ஜவான் பென்சன்காரர், மேஜர் வேலை தேடுபவர்!

வெறுங்கை என்றால் முழுக்க வெறுங்கை அல்ல. சேவை செய்த ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை வரும். பிராவிடண்ட் பண்டில் போட்ட பணம் வரும். ஆனால் அது அவர்களுடைய சொந்தப் பணம். சர்க்கார் அதில் பங்கு போடுவதில்லை.

2004-க்குப் பிறகு மத்திய சர்க்கார் வேலைக்குச் சேர்ந்த குமாஸ்தாவுக்கு, பழைய பென்சன் போய், ஊழியரும் சர்க்காரும் சேர்ந்து பணம் போடும் புதிய திட்டம் வந்தது. முப்படையினருக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு. "படையினருக்குப் பழைய பென்சனே இருக்கட்டும்" என்ற நல்லெண்ணத்தில் செய்தது அது. 20 ஆண்டு முடித்தவருக்கு நல்லதாகவே முடிந்தது. 14 ஆண்டு ஆபீசருக்கோ பழைய பென்சனும் இல்லை, புதிய திட்டமும் இல்லை.

2022-ல் அக்னி வீரர் திட்டம் வந்தது. 4 ஆண்டு வேலை பார்க்கும் அக்னி வீரர் சம்பளத்தில் பிடிக்கும் தொகைக்குச் சமமாக சர்க்காரும் போட்டு, வெளியே போகும்போது சுமார் ரூ.11.71 லட்சம் தருகிறது. அதாவது 4 ஆண்டுக்காரருக்கு சர்க்கார் பங்கு உண்டு. 14 ஆண்டு ஆபீசருக்கு அப்படி ஒரு பங்கு இல்லை.

1963-ல் தொடங்கிய கதை

இந்த நிலைமை நேற்று வந்தது அல்ல. 1962-ல் சீனச் சண்டை. ராணுவத்தில் ஆபீசர்களுக்குப் பெரிய தட்டுப்பாடு. அவசரம் அவசரமாக 1963-ல் பரங்கிமலையில் பயிற்சிப் பள்ளி திறந்தார்கள். காலேஜ் முடித்த பையன்களைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, "அவசர கமிஷன்" ஆபீசர்களாக எல்லைக்கு அனுப்பினார்கள். 1965 பாகிஸ்தான் போரில் இவர்களில் பலர் நின்றார்கள். தேவை தீர்ந்ததும் ஏராளமானோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவசர கமிஷன் போய், குறுகிய கால கமிஷன் வந்தது. முதலில் 5 ஆண்டு என்று இருந்து, நீண்டு நீண்டு, 2006-ல் 10 கூட்டல் 4 என்று ஆனது.

1988-ல் பயிற்சிப் பள்ளி அகாடமி ஆனது. 1992 முதல் பெண்களும் இங்கே பயிற்சி பெறுகிறார்கள். 1987-ல் இலங்கையில் உயிரைக் கொடுத்து பரம் வீர் சக்கரம் பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 1972-ல் இங்கிருந்து வெளியே வந்தவர்தான். அகாடமியின் அணிவகுப்பு மைதானத்துக்கே அவர் பெயர்தான்.

சர்க்கார் பக்கத்து வாதமும் உண்டு. ராணுவம் கோபுரம் மாதிரி. மேலே போகப் போகக் குறுகும். எல்லாரையும் 54 வயது வரை வைத்திருந்தால் பதவி உயர்வு கொடுக்க இடம் இருக்காது, படையும் கிழப்படை ஆகிவிடும். தவிர, சேரும்போதே "இத்தனை ஆண்டுதான்" என்று தெரிந்து கையெழுத்துப் போட்டவர்கள்தானே என்கிறார்கள்.

வாதம் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் 22 வயதில் போடும் கையெழுத்துக்கு, 36 வயதில் இரண்டு பிள்ளைகளோடு விடை தேட வேண்டி இருக்கிறதே! ரிட்டயர் ஆகும் ஆபீசர்களுக்கு ஐ.ஐ.எம்.மில் 24 வாரப் படிப்பு ஏற்பாடு செய்கிறார்கள். அதைப் படித்து நல்ல கம்பெனியில் உட்கார்ந்தவர்கள் உண்டு. ஆனால் முன்னாள் ராணுவத்தினருக்கு மத்திய சர்க்கார் வேலைகளில் 10, 20 சதவீதம் ஒதுக்கீடு என்று கேள்விப்படுகிறோமே, அது பெரும்பாலும் சி, டி பிரிவு வேலைகளில். கம்பெனி கமாண்டராக இருந்தவர் அந்த வரிசையில் போய் நிற்பதில்லை.

ஆஸ்பத்திரி கார்டுக்கு 16 ஆண்டு

பென்சனை விடுங்கள், ஆஸ்பத்திரி கதையைப் பாருங்கள். முன்னாள் படையினருக்கான வைத்தியத் திட்டம் 2003 ஏப்ரலில் தொடங்கியது. தாம்பரம், ஆவடி என்று பாலிகிளினிக்குகள். அங்கே டாக்டர் சீட்டு எழுதினால் பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டாமல் வைத்தியம். அருமையான திட்டம். ஆனால் பென்சன் வாங்குகிறவர்களுக்கு மட்டும் என்று வைத்தார்கள். பென்சன் இல்லாத ஆபீசருக்குக் கதவு சாத்தப்பட்டது.

2019 மார்ச்சில்தான் மத்திய மந்திரிசபை அந்தக் கதவைத் திறந்தது. இரண்டாம் உலகப் போர் வீரர்கள், அவசர கமிஷன் ஆபீசர்கள், குறுகிய கால ஆபீசர்கள் என்று 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு, ஒரே தடவை சந்தா கட்டினால் வைத்தியம் என்று முடிவானது. 1963-ல் 22 வயதில் பரங்கிமலைக்கு வந்தவருக்கு 2019-ல் வயது 78. கார்டு வருவதற்குள் எத்தனை பேர் கண்ணை மூடினார்களோ!

இந்தச் சலுகை வந்த விவரமே தெரியாமல், மகன் வீட்டில் இருந்துகொண்டு கைக்காசில் மாத்திரை வாங்கும் முதியவர்கள் இன்னும் இருக்கக்கூடும். அக்கம்பக்கத்தில் அப்படி யாராவது இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு வழி காட்டலாம்.

பெண் ஆபீசர்கள் உடைத்த கதவு

20 ஆண்டுக் கோடு கல்லில் செதுக்கியது அல்ல என்று காட்டியவர்கள் பெண் ஆபீசர்கள். "ஆண்களுக்கு நிரந்தர கமிஷனுக்கு வழி இருக்கிறது, எங்களுக்கு ஏன் இல்லை?" என்று வழக்குப் போட்டார்கள். 2020 பிப்ரவரி 17-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தரைப்படைப் பெண் ஆபீசர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது.

அதைவிடப் பெரிய சங்கதி 2022 நவம்பரில் நடந்தது. விமானப்படையில் இருந்து பல ஆண்டுகளுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பப்பட்ட 32 பெண் ஆபீசர்கள். அவர்களை மறுபடி வேலையில் சேர்க்க முடியாது. அதனால் அவர்கள் 20 ஆண்டு வேலை பார்த்ததாகவே கணக்கு வைத்து பென்சன் கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவிட்டது. பார்க்காத ஆண்டுகளையும் பார்த்ததாகக் கொள் என்ற உத்தரவு!

ஆனால் அது அந்த 32 பேரின் தனி வழக்கில் வந்த நிவாரணம். 14 ஆண்டு முடித்து வந்த மற்ற ஆண் ஆபீசர்களுக்கு அதைக் காட்டி பென்சன் கேட்க முடியாது.

பென்சன் உள்ளவர்கள் பாடு

சரி, 20 ஆண்டு தாண்டியவர்கள் நிம்மதியாக இருக்கிறார்களா? அங்கேயும் இழுபறிதான்.

"ஒரே பதவி, ஒரே பென்சன்" திட்டம் 2015-ல் அறிவிக்கப்பட்டு 2014 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. ஒரே பதவியில், ஒரே அளவு சேவை செய்தவர்கள் எந்த ஆண்டு ரிட்டயர் ஆனாலும் ஒரே பென்சன். 5 ஆண்டுக்கு ஒருமுறை திருத்தம். 2019 திருத்தம் 2022 டிசம்பரில்தான் ஒப்புதல் பெற்றது. பாக்கித் தொகையை இழுத்தடித்தபோது 2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டே தவணைத் தேதிகளைக் குறித்துக் கொடுத்தது. விதவைகளுக்கும் வீர விருது பெற்றவர்களுக்கும் முதலில், 70 வயது தாண்டியவர்களுக்கு அடுத்து, மற்றவர்களுக்கு 2024 பிப்ரவரிக்குள் என்று. மூன்றாவது திருத்தம் 2024 ஜூலை 1 முதல் கணக்கு.

இதில் மாட்டிக்கொண்டவர்கள் பழைய கேப்டன்கள். இப்போது ஒரு ஆபீசர் 2 ஆண்டில் கேப்டன், 6 ஆண்டில் மேஜர், 13 ஆண்டில் லெப்டினன்ட் கர்னல் ஆகிவிடுகிறார். ஆகவே இன்று கேப்டனாக 20 ஆண்டு முடித்து ரிட்டயர் ஆகும் ஆள் கிடையாது. "ஒரே பதவி" என்று ஒப்பிட ஆள் இல்லாவிட்டால், அந்தக் காலத்துக் கேப்டனுக்கு எதை வைத்துப் பென்சன் போடுவது? இந்த முரண்பாடுகளை ராணுவத் தீர்ப்பாயத்தின் கொச்சி பெஞ்ச் 2021-லேயே சுட்டிக்காட்டியது. சர்க்கார் முடிவெடுக்காமல் நாள் கடத்தியது. 2024 ஜூலை 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு கோபப்பட்டு, ரூ.2 லட்சத்தை ராணுவ நல நிதிக்குக் கட்டும்படி சர்க்காருக்கு உத்தரவு போட்டது குறிப்பிடத்தக்கது.

58 ஆயிரம் பேருக்கு வராத பென்சன்

பாங்க், டிரஷரி என்று சிதறிக் கிடந்த பென்சன் வேலையை இப்போது "ஸ்பர்ஷ்" என்ற ஒரே கம்ப்யூட்டர் முறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். உத்தரப்பிரதேசம் பிரயாக்ராஜில் இருக்கும் ஆபீசில் இருந்து பணம் நேராகக் கணக்குக்கு வரும். வசதிதான். ஆனால் உயிரோடு இருக்கிறோம் என்று ஆண்டுதோறும் நிரூபிக்க வேண்டும். 2022 ஏப்ரல் மாதப் பென்சன், இந்தச் சான்று ஏறாத காரணத்தால், 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு உரிய நாளில் வரவில்லை. நாடு முழுவதும் கூச்சல் எழுந்தது. மே 4-ந் தேதி பணத்தைப் போட்டு, சான்று கொடுக்க மே 25 வரை அவகாசமும் கொடுத்தார்கள்.

ஆண்டுதோறும் ஜனவரி 14-ந் தேதி முன்னாள் படையினர் தினம். முதல் இந்தியத் தளபதி கரியப்பா 1953-ல் ஓய்வு பெற்ற நாள் அது. 2016 முதல் கொண்டாடுகிறார்கள். நம் ஊரில் பொங்கல் பரபரப்பில் பலருக்குத் தெரியாமலே போய்விடும். இதுபோன்ற கூட்டங்களில் மாலை, மரியாதை, பாண்டு வாத்தியம் எல்லாம் ஒரு பக்கம். கூட்டம் மொய்ப்பது என்னவோ ஓரத்தில் போட்டிருக்கும் மேஜைகளில்தான். பென்சன் குறைக்கு ஒன்று, ஆஸ்பத்திரி கார்டுக்கு ஒன்று. பழைய கர்னல்களும் பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையில்தான் நிற்கிறார்கள்.

அங்கே தமிழ்நாட்டுக்காரர்களுக்கு என்றே ஒரு தனித் தலைவலி உண்டு: இனிஷியல்! ராணுவ ரிக்கார்டில் மனைவி பெயர் "கே. சரோஜா". ஆதாரில் "சரோஜா கிருஷ்ணன்". பாங்க் பாஸ்புக்கில் "சரோஜா கே". மூன்றும் ஒரே அம்மாள்தான் என்று தெருவுக்கே தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கணவர் இருக்கும்போது இதைச் சரி செய்வது ஒரு விண்ணப்பத்தோடு முடியும். அவர் போன பிறகு என்றால், இறப்புச் சான்றிதழோடு இதற்கும் சேர்த்து அலைய வேண்டும். பணம் வரத் தொடங்கினாலும், வயதானவர்களின் விதவைகளுக்குச் சாதாரணக் கணக்கில் குடும்பப் பென்சன் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். கணவர் வாங்கியது 50 சதவீதம். 50 ரூபாய் வந்த வீட்டில் 30 ரூபாய்.

14 ஆண்டு ஆபீசரின் மனைவிக்கு அந்த 30 ரூபாயும் இல்லை. கணவருக்குப் பென்சன் இல்லாததால் குடும்பப் பென்சன் என்ற பேச்சே அங்கே எழாது. சேவையில் ஊனமடைந்து அதற்காகத் தனிப் பென்சன் வாங்குகிறவர்கள் கணக்கு மட்டும் வேறு.

ஸ்பர்ஷ் பென்சன்காரர்களுக்கு உயிர்ச் சான்று மாதம் பெரும்பாலும் நவம்பர். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1-ந் தேதியில் இருந்தே கொடுக்கலாம். நடக்க முடியாதவர்கள் போஸ்ட் ஆபீசில் சொன்னால், கட்டணத்துக்கு போஸ்ட்மேனே வீட்டுக்கு வந்து ரேகை வாங்கிக்கொண்டு போவார்.