கரிய திரை கண்டு கலங்கற்க

கலவான நகரை அண்டிய தோட்டமொன்றிலிருந்து உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் வினவுகிறார்: "எங்கள் பழைய கணினி இயங்க மறுத்துவிட்டது. ஈராண்டுப் பாடக்குறிப்புகள் வன்தட்டினுள் உள்ளன. பப்பி லினக்ஸ் இறுவட்டை இட்டோம். எழுத்துக்கள் வரிவரியாக ஓடின. பின்னர் கரிய திரையே எஞ்சியது. திருத்துபவரோ வன்தட்டை அழித்துப் புதிதாக்க வேண்டும் என்கிறார். என் செய்வது?"

குறிப்புகளைப் படியெடுக்கும் வரை வன்தட்டை அழிக்க இசையாதீர்கள் என்பதே முதல் விடை. பணிசெயல் முறைமை பழுதுற்றால் கோப்புகளும் அழிந்தன என்பது பொருளன்று.

பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் வெளியிட்ட லினக்ஸைக் கருவாகக் கொண்டு, 2003 இல் அவுஸ்திரேலியரான பாரி கௌலர் பப்பி லினக்ஸை அமைத்தார். அது வன்தட்டை நாடாமல், இறுவட்டிலிருந்து எழுந்து நினைவகத்திலேயே இயங்க வல்லது.

அவ்வாறு எழுவதில் மூன்று படிகள் உண்டு. முதலிற் கரு நினைவகத்தில் ஏறும். அடுத்து, சுருக்கி வைக்கப்பட்ட பெரிய கோப்பொன்று கண்டெடுக்கப்பட்டு விரிக்கப்படும். இறுதியில் வரைகலைப் பகுதி விழித்து முகப்புத் திரையைத் தீட்டும். எப்படியில் வேலை நின்றதோ அப்படியிலேயே பழுதைத் தேடல் வேண்டும்.

எழுத்தே தோன்றாவிடின், இறுவட்டு பிழையாகப் பதியப்பட்டிருக்கலாம். இறக்கிய கோப்பை வெறுமனே பிரதி செய்தல் போதாது. அதனை 'இமேஜ்' என்ற முறையிற் பதிதல் வேண்டும். 64 பிட் பதிப்பு 32 பிட் கணினியில் எழாது என்பதையும் நினைவிற் கொள்க.

பெரிய கோப்பைக் காணவில்லை என்ற செய்தியோடு நின்றால், இறுவட்டையும் அதனைப் படிக்கும் கருவியையும் ஐயுறுக. சிங்கராஜ வனத்தை அடுத்த ஈரமிக்க ஊரில் வட்டிற் பூஞ்சணம் படர்வது வியப்பன்று. மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்துப் பாருங்கள். பயனில்லையேல் புதிய வட்டிற் குறைந்த வேகத்திற் பதியுங்கள்.

வரிகள் யாவும் ஓடி முடிந்தபின் திரை கரியதாயின், குற்றம் பெரும்பாலும் மூன்றாம் படியிலேயே இருக்கும். தொடக்கப் பட்டியல் தோன்றியதும் 'டாப்' சாவியையோ, சில பதிப்புகளில் 'ஈ' சாவியையோ அழுத்தினால் கட்டளை வரி திறக்கும். கருவை ஏற்றும் வரியின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு, நோ, மோட், செட் என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களையும் ஒன்றாகச் சேர்த்துச் சிற்றெழுத்தில் எழுதுக. கரு தானாகத் திரையின் அளவை மாற்றும் முயற்சியை இச்சொல் தடுக்கும். பட்டியலில் வரைகலையின்றித் தொடங்கும் வழியும் இருக்கக்கூடும். அவ்வழியே சென்று, பழைய பதிப்புகளில் 'எக்ஸ்ஓர்க்விசார்ட்' என்னும் கட்டளையால் 'வெசா' என்ற பொதுச் செலுத்தியைத் தெரிவுசெய்து, 'எக்ஸ்வின்' என்று கட்டளையிட்டால் முகப்புத் திரை எழும்.

நினைவகம் போதாமையும் ஒரு காரணமாகலாம். 256 மெகாபைட்டே உள்ள கணினியில் புதிய பதிப்புகள் திணறும். அதற்குப் பழைய பதிப்பே ஏற்றது.

முகப்புத் திரை தோன்றியபின் அவதானம் மிக வேண்டும். வன்தட்டின் படக்குறியைத் திறந்து, குறிப்புகளைப் பென் ட்ரைவிற்குப் பிரதி செய்யுங்கள், இடம் மாற்றாதீர்கள். நிறுவுதல், வடிவமைத்தல் ஆகியவற்றை மறந்தும் தெரியாதீர்கள். கணினியை நிறுத்தும்போது, நடந்தவற்றைச் சேமிக்கவா என்று பப்பி வினவும், வேண்டாம் என்க. வன்தட்டு 'டக் டக்' என ஒலித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அது பொறியின் பழுது. மேலும் இயக்கினால் எஞ்சியதும் கெடும்.

பிரதி செய்த கோப்புகளை வேறொரு கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். அவை யாவும் நன்றாயிருப்பின், வன்தட்டைத் திருத்துபவரிடம் தாராளமாக ஒப்படைக்கலாம்.