பன்னிரண்டு பேர் சொன்னால் ருஜுவாகுமா?

"வேண்டிக்கொண்டேன், பிழைத்தேன்" என்று பத்துப் பேர் சொல்லுவதைக் கொண்டு சாமிக்குச் சக்தி உண்டென்று நம்பிவிடக்கூடாது. வேண்டிக்கொண்டும் செத்தவர்களின் கணக்கு எங்கே என்று நாம் பூசாரியைக் கேட்கின்றோம். அதே கேள்வியைப் பட்டம் பெற்ற டாக்டரிடம் மாத்திரம் கேட்கக்கூடாதா? கேட்டே தீரவேண்டும் என்கிறோம்.

1998-ம் வருஷம் பிப்ரவரியில், "லான்செட்" என்னும் லண்டன் வைத்தியப் பத்திரிகையில் வேக்ஃபீல்ட் என்பவரும் இன்னும் 12 பேரும் சேர்ந்து 12 குழந்தைகளின் நோய்ச் சரித்திரத்தை வெளியிட்டார்கள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசிக்குப் பிறகே 8 குழந்தைகளுக்குக் கோளாறு தோன்றிற்று என்று பெற்றோரோ டாக்டரோ கருதியதாக அதில் கண்டிருந்தது. சம்பந்தம் ருஜுவாகவில்லை என்று அறிக்கையே ஒப்புக்கொண்டது. ஆனாலும் பீதி கிளம்பிற்று. இங்கிலாந்தில் 100-க்கு 90-க்கு மேல் இருந்த ஊசிக் கணக்கு, 2003-04-ல் சுமார் 80-க்கு இறங்கிற்று.

அந்த ஊசி போடுவது குழந்தையின் இரண்டாவது வயதில். ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணுக்குப் படுவதும் ஏறக்குறைய அதே வயதில்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

இப்படிப்பட்ட அறிக்கையைப் பார்த்தவுடன் கேட்கவேண்டியவை சிலவே. நோயாளிகளைப் பொறுக்கியது யார், எப்படி? வந்தவர் எல்லோரையும் சேர்த்தார்களா, வேண்டியவரை மாத்திரமா? எல்லோரையும் ஒரே அளவுகோல் கொண்டு சோதித்தார்களா? ஊசி போடாதவர்களின் கதி என்ன? பணம் கொடுத்தவர் யார்?

வேக்ஃபீல்ட் அறிக்கை இவற்றில் எதற்குத் தாங்கிற்று? குழந்தைகள் வரிசையாக வந்தவர்கள் என்றது பொய்யாயிற்று. ஊசிக் கம்பெனிகள் மீது வழக்குத் தொடுக்க முனைந்த வக்கீல் வழியாகப் பணம் வந்ததும் அம்பலமாயிற்று. டென்மார்க்கில் 5,37,303 குழந்தைகளைப் பரிசீலித்து 2002-ல் வெளியிட்ட கணக்கில், ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் அதிகமில்லை என்றே கண்டது. 2010-ல் லான்செட் அறிக்கையை வாபஸ் வாங்கிற்று; அதே வருஷம் வேக்ஃபீல்டின் பெயர் டாக்டர்கள் பதிவிலிருந்து அடிக்கப்பட்டது.

இதனால் சிறு அறிக்கைகள் யாவும் வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. 1981 ஜூனில் அமெரிக்காவில் வெளியான 5 நோயாளிகளின் சரித்திரமே எய்ட்ஸ் நோயை உலகுக்கு முதலில் காட்டிற்று. அத்தகைய அறிக்கை அபாயமணி அடிக்கலாம். தீர்ப்புச் சொல்ல அதற்கு யோக்கியதை கிடையாது.

வாபஸ் வாங்க 12 வருஷம் பிடித்தது வெட்கக்கேடுதான். ஆனாலும் வாங்கினார்கள். எந்த ஸ்தலபுராணமாவது இதுவரை வாபஸ் வாங்கப்பட்டதுண்டா? ஆகவே தோழர்களே! பத்துப் பேருக்குக் குணம் என்றாலும், பத்துப் பேருக்குக் கேடு என்றாலும், சொல்பவர் காவி உடுத்தியிருந்தாலும், வெள்ளைக்கோட்டு மாட்டியிருந்தாலும், "மற்றவர்கள் கணக்கு எங்கே?" என்று கேளுங்கள்.