பெயரும் கைமாறட்டும்

நம் முன்னோர் மாடு விற்ற முறையிலே ஓர் ஒழுங்கு இருந்தது. வாங்க வந்தவர் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடத்திப் பார்ப்பார். விற்பவரோ மாட்டையும் கயிற்றையும் மாத்திரம் கொடுத்து அமையமாட்டார். உடலிற் சுட்ட குறிக்கு ஒத்த உரிமைச் சீட்டையும் சேர்த்தே கொடுப்பார். சீட்டில்லாத மாடு இருவருக்கும் வில்லங்கம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். இன்று முற்றத்திலே மாட்டின் இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கின்றது. அந்த ஒழுங்குதான் நழுவிவிட்டது.

கிருலப்பனையில் பேஸ்லைன் வீதி ஹைலெவல் வீதியோடு கூடும் சந்தியிலே மாலை வேளையிற் சற்று நின்று பாருங்கள். சிறிய மோட்டார் சைக்கிள்களுக்கிடையே, 350 அல்லது 650 சி.சி. இயந்திரமும் அகன்ற இருக்கையும் பயணப் பெட்டிகளும் பூண்டு, யானைபோல் அசைந்து வரும் வண்டி ஒன்றேனும் கண்ணிற் படும். 1956ஆம் ஆண்டிலே சென்னைத் திருவொற்றியூரில் ‘புல்லட்’ வண்டியைக் கட்டத் தொடங்கிய காலந்தொட்டு, இத்தகைய வண்டிமீது தமிழ் இளைஞர் கொண்ட மோகம் தணியவேயில்லை.

எனினும் மோகம் வேறு, வாழ்க்கை வேறு. 2022ஆம் ஆண்டு எரிபொருட் பங்கீடு தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோலே கிடைத்தது. பெரிய இயந்திரங்கள் அன்று வாசலிலே உறங்கின. மேலும் பல வீடுகளில் மகன் கனடாவுக்கோ இலண்டனுக்கோ புறப்பட்டுவிட, அவன் ஆசையோடு அலங்கரித்த வண்டி தந்தையார் பொறுப்பாகின்றது. யானை அசைந்து தின்னும், வீடு அசையாமற் தின்னும் என்பர். ஓடாது நிற்கும் வண்டியும் அசையாமற் தின்னும் இனத்தைச் சேர்ந்ததே. மின்கலம் செத்துப்போகும், குழாய்கள் துருவேறும், வரிப்பத்திரமும் காப்புறுதியும் காலாவதியாகும். ஆகவே விற்றுவிடுவதே அறிவு.

ஆனால் எவ்வாறு விற்பது? விமானம் ஏறும் முன்னிரவில் மகன் வெற்றுப் படிவத்திற் கையெழுத்திட்டுக் கொடுத்துச் செல்கின்றான். தந்தையார் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு அப்படிவத்தை நீட்டுகின்றார். ‘ஓப்பன் பேப்பர்’ என்று இதனை வழங்குவர். வாங்கியவர் தம் பெயரைப் பதியாமலே இன்னொருவருக்கு விற்கலாம்; அவர் மற்றொருவருக்கு விற்கலாம். திணைக்களப் பதிவேட்டிலோ மகனின் பெயரே நிலைத்திருக்கும். அவ்வண்டி ஒருவரை மோதிவிட்டு ஓடினாலும், வழிப்பறிக்குப் பயன்பட்டாலும், பொலிசார் இலக்கத் தகட்டைக் கொண்டு தேடிவருவது கிருலப்பனை வீட்டுக் கதவையே. அன்று கதவைத் திறப்பவர் வயது முதிர்ந்த தாயாராக இருக்கலாம்.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இதற்கு வழி சொல்லியிருக்கின்றது. வண்டி கைமாறி 14 நாள்களுக்குள் விற்றவர் எம்.ரி.ஏ. 6 என்னும் படிவத்தின் மூலம் அறிவித்தல் வேண்டும், வாங்கியவர் எம்.ரி.ஏ. 8 என்னும் படிவத்தின் மூலம் தம் பெயரைப் பதிவித்தல் வேண்டும். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் அயலிலுள்ள நாரஹேன்பிட்டியிலேயே உள்ளது. வாங்குபவரையும் உடனழைத்துச் சென்று கருமத்தை முடிப்பதே நன்று. மகன் புறப்படுமுன் விற்க இயலாதாயின், சட்டத்தரணி மூலம் அற்றோணித் தத்துவம் எழுதுவித்துச் செல்க. கடனுக்கு வாங்கிய வண்டியாயின், கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரை முதலில் நீக்குவித்துக்கொள்க.

இன்னொரு கடமையும் உண்டு. விருப்பப்படி மாற்றிக் கட்டிய வண்டியில் இயந்திர இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்பதை வாங்குபவருக்குக் காட்டுங்கள். விழுந்து எழுந்த வண்டியெனின் அதனையும் மறையாது சொல்லுங்கள். ஓட்டிப்பார்க்கக் கொடுக்குமுன் சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கேளுங்கள். 100 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்குரிய ‘ஏ1’ வகுப்புப் பத்திரம் இதற்குப் போதாது; ‘ஏ’ வகுப்பு வேண்டும். மோட்டார் சைக்கிள் ஓட்டுவதில் வல்லவரெனப் பெயர்பெற்ற ரி. ஈ. லோரன்ஸ், தாம் நன்கறிந்த பெரிய வண்டியிலிருந்தே வீழ்ந்து 1935ஆம் ஆண்டிலே தலைக்காயத்தால் உயிரிழந்தார். பழகியவருக்கே அக்கதியெனின், முதன்முறை ஏறும் இளைஞனின் கதியை எண்ணிப் பாருங்கள்.

மாணவர்களே, வீட்டிலே வண்டி விற்கும் பேச்சு எழுந்தால் அப்படிவங்களை நீங்களே பெற்றுப் பெற்றோருக்கு வாசித்துக் காட்டுங்கள். இடம் வெறுமையாக இருந்தால் கையெழுத்திட விடாதீர்கள். பணம் கைக்கு வந்தவுடன் விற்பனை முடிந்துவிடுவதில்லை. பதிவேட்டிற் பெயர் மாறும்போதே அது முடிகின்றது.