காருக்குள் நின்றுபோன பேச்சு

வாகனத்தில் பழுது என்றால், எண்ணெய் படிந்த கையோடு மெக்கானிக் ஒருவர் அதன் அடியில் படுத்திருக்கும் காட்சியே நம் மனக்கண்ணில் எழும். இன்றைய கார்களில் இரும்பு தேய்வது மட்டும் பழுதன்று. பேச்சு அறுந்து போவதும் பழுதுதான். 'காருக்கு ஏது பேச்சு?' என்று வாசகர்கள் வியக்கலாம். சென்ற ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் பனவடலிசத்திரத்தில் நான் உடனிருந்து கண்டதைக் கூறினால் விளங்கும்.

நம் பங்கைச் சேர்ந்த விவசாயி ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய சிறிய கார் ஒன்றை வைத்திருக்கிறார். விண்ணேற்பு அன்னையின் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு காமநாயக்கன்பட்டி செல்வது அவர் வீட்டு வழக்கம். திருவிழா நெருங்கும் வேளையில் வண்டி மக்கர் செய்யத் தொடங்கியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே முன் பலகையில் நான்கைந்து விளக்குகள் ஒருசேர எரியும்; வேகம் காட்டும் முள் சுழியத்தில் விழும்; ஸ்டீயரிங் கனத்துவிடும். சிறிது நேரம் நிறுத்தி எடுத்தால் ஒன்றும் நடவாதது போல் ஓடும். நகரத்துப் பணிமனை ஒன்றில் ஸ்கேனர் கருவியைச் செருகிப் பார்த்து, "இன்ஜினின் கட்டுப்பாட்டுப் பெட்டி போய்விட்டது, மாற்ற ரூ. 48,000 ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென எடுத்து வைத்த பணம் ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்தது.

அந்தப் பணத்தை எடுக்குமுன், ஊரிலேயே வயரிங் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவரிடம் காட்டினோம். ஸ்கேனர் காட்டிய குறிகளைப் படித்துவிட்டு அவர் கேட்டார்: "அண்ணாச்சி, விளக்கெல்லாம் எரிந்தபோது இன்ஜின் நின்றதா?" நிற்கவில்லை. "அப்படியானால் அந்தப் பெட்டி எப்படிச் செத்திருக்கும்? செத்தவன் வண்டி ஓட்டுவானா?"

இக்கேள்வியின் அருமையை உணர, காருக்குள் நடப்பதைச் சற்று அறிய வேண்டும். இன்ஜினுக்கு ஒரு சிறு கணிப்பொறி, பிரேக்குக்கு ஒன்று, ஸ்டீயரிங்குக்கு ஒன்று, காற்றுப் பைக்கு ஒன்று, முன் பலகைக்கு ஒன்று எனச் சிறிய காரில்கூடப் பல பெட்டிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் மற்றதன் செய்தி தேவை. சக்கரத்தின் வேகத்தை அளப்பது பிரேக் பெட்டி. அதைக் கேட்டே முள் அசைகிறது. ஸ்டீயரிங் தன் உதவியைக் கூட்டிக் குறைக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியே கம்பி இழுத்தால் வண்டி கம்பிக் காடாகிவிடும். ஆகவே, முறுக்கிய இரண்டே கம்பிகளில் எல்லாப் பெட்டிகளையும் இணைக்கும் முறையை ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1983-இல் உருவாக்கத் தொடங்கி, 1986-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் வெளியிட்டது. 'கேன்' என்பது அதன் பெயர்.

இதில் தலைவர் என எவருமில்லை. ஒருவர் பேசினால் அனைவரும் கேட்பர். தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வர். ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. இருவர் ஒரே நொடியில் பேசத் தொடங்கினால், சிறிய எண் உடைய செய்தியே தொடரும். மற்றவர் உடனே வாயடக்கிக் காத்திருந்து பிறகு சொல்வார். இன்னொரு விதி இதைவிட வியப்பானது. தவறாகப் பேசும் பெட்டி, ஒவ்வொரு தவறுக்கும் தன் கணக்கில் 8 கூட்டிக்கொள்ளும். சரியாகப் பேசிய ஒவ்வொரு முறையும் 1 கழித்துக்கொள்ளும். கணக்கு 255-ஐத் தாண்டினால் தானே விலகி மௌனமாகிவிடும். (நமது பங்குப் பேரவைக் கூட்டங்களில் இவ்விதி இருந்தால் எத்தனை பேர் எஞ்சுவோம் என்று எண்ணிப் பார்த்தேன், என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.)

இனி அந்தக் குறிகளுக்கு வருவோம். 'யூ' என்ற எழுத்தில் தொடங்கும் குறிகள் பேச்சு அறுந்ததைக் குறிப்பவை. யூ 0100 என்றால் 'இன்ஜின் பெட்டியின் குரல் எனக்குக் கேட்கவில்லை' என்று பொருள். யூ 0121 என்றால் பிரேக் பெட்டியின் குரல் கேட்கவில்லை என்று பொருள். இவை புகார்களேயன்றித் தீர்ப்புகள் அல்ல. கேட்காததற்குக் காரணம் பேசுபவரின் ஊமைத்தனமாக இருக்கலாம். இடையே வழி அடைபட்டும் இருக்கலாம். யார் யாரைக் குறை கூறுகின்றனர் என்று எழுதிப் பார்த்தார் அந்த இளைஞர். ஸ்டீயரிங், முன் பலகை ஆகியவை இன்ஜினையும் பிரேக்கையும் குறை கூறின. குறை கூறியவை யாவும் உட்புறம். கூறப்பட்டவை இரண்டும் முன் மூடிக்குக் கீழே. "இரண்டு பெட்டி ஒரே நாளில் கெடாது சார். நடுவில்தான் ஏதோ இருக்கிறது" என்றார்.

பின்பு பேட்டரியின் இணைப்பைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருந்தார். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 துளை கொண்ட சாக்கெட்டில் 6-ஆம், 14-ஆம் துளைகளில் மல்டிமீட்டரின் முனைகளை வைத்தார். கேன் கம்பியின் இரு கோடியிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று உண்டு. இரண்டும் இணையாக நிற்பதால் மீட்டர் 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு கோடி அறுந்துள்ளது; சுழியத்தை ஒட்டிக் காட்டினால் கம்பிகள் இரண்டும் ஒன்றையொன்று தொடுகின்றன. (சில புதிய கார்களில் சாக்கெட்டுக்கும் இக்கம்பிக்கும் இடையே வேறொரு பெட்டி நிற்கும், அங்கே இந்த அளவை வேறிடத்தில் எடுக்க வேண்டும்.) மீட்டர் 60 காட்டியது. எனக்கு முகம் வாடிற்று. அவரோ என்னை மீட்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, முன் மூடியைத் திறந்து கம்பிக் கட்டை அங்குலம் அங்குலமாக அசைத்தார். பேட்டரித் தட்டுக்கு அருகே அசைத்தபோது 60 என்பது 120 ஆயிற்று, விட்டதும் 60. மீண்டும் அசைத்தார், மீண்டும் 120.

நாடாவைப் பிரித்தால், முறுக்கிய இரு கம்பிகளில் ஒன்றை எலி கடித்திருந்தது. ஓரிரு இழைகளே எஞ்சி, வண்டி குலுங்கும்போதெல்லாம் விலகி ஒட்டிக்கொண்டிருந்தன. அறுவடைக்குப்பின் காரை மக்காச்சோள மூட்டைகள் அடுக்கிய கொட்டகையில் நிறுத்தியது அப்போதுதான் விவசாயிக்கு நினைவுக்கு வந்தது.

இளைஞர் கடிபட்ட நுனிகளைச் சுத்தம் செய்து ஈயம் வைத்துப் பற்றவைத்து, உறையிட்டு, பழைய முறுக்கு குலையாமல் சேர்த்துக் கட்டினார். முறுக்கு அழகுக்காக இருப்பதன்று. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரு கம்பிகளையும் ஒரே அளவில் தாக்கும். பெட்டிகளோ இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே கேட்பதால் இரைச்சல் கழிந்துவிடும். பேச்சில்லாதபோது இரண்டிலும் 2.5 வோல்ட், பேசும்போது ஒன்று 3.5-க்கு ஏற, மற்றது 1.5-க்கு இறங்கும்.

குறிகளை அழித்துவிட்டு, தேவர்குளம் வரை ஓட்டித் திரும்பினோம். விளக்கு எதுவும் எரியவில்லை. கூலியாக அவர் கேட்டது ரூ. 600. ஆகஸ்டு 15 அன்று வண்டி காமநாயக்கன்பட்டிக்குச் சென்று வந்தது. கொட்டகையில் இப்போது மூட்டைகள் ஒரு மூலையிலும் கார் வேப்பமரத்தடியிலும் இருக்கின்றன.