0.12 மி.மீ. குறைந்ததற்கு 18 புள்ளிகள் காலி: ஃபார்முலா 1 பலகை விதி நியாயமா?

2025 நவம்பரில் நடந்த லாஸ் வேகாஸ் பந்தயத்தில் லாண்டோ நோரிஸ் இரண்டாவதாக வந்தார். அதே மெக்லாரன் அணியின் ஆஸ்கர் பியாஸ்ட்ரி நான்காவது. சில மணி நேரத்தில் இருவருமே தகுதிநீக்கம். காரணம், காருக்கு அடியில் இருக்கும் பலகை அளவுக்கு மீறித் தேய்ந்திருந்தது. 9 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் நோரிஸ் காரில் இருந்தது 8.88 மி.மீ. போனது 18 புள்ளிகள். சில வாரங்களில் அவர் உலக சாம்பியன் ஆனார் என்றாலும், வித்தியாசம் வெறும் 2 புள்ளிகள்தான்!

‘ஒரு நூல் அளவு தேய்மானத்துக்கா இவ்வளவு பெரிய தண்டனை?’ என்று கேட்கத் தோன்றும். ஆனால், அந்த நூல் அளவில்தான் வேகமே இருக்கிறது.

தரையைத் தொடும் ஆசை

காரின் முன் இறக்கை தரையை நெருங்க நெருங்க, அந்தக் குறுகிய சந்தில் காற்று வேகமெடுக்கும், அழுத்தம் குறையும். மேலே அழுத்தம் அதிகம், கீழே குறைவு. விளைவு, கார் தரையோடு அமுங்கி, வளைவில் டயருக்குப் பிடி கூடும். காரின் அடித்தளத்திலும் இதே கதைதான். 2022-ல் வந்த விதிகளுக்குப் பிறகு பிடிமானத்தில் பெரும்பங்கு அங்கிருந்தே கிடைத்தது.

அதற்காக இறக்கிக்கொண்டே போக முடியாது. சந்து ரொம்பக் குறுகினால் காற்றோட்டம் தடைபடும், கார் மேலே எழும்பும், காற்று திரும்பப் பாய்ந்ததும் மறுபடி அமுங்கும். இந்தக் குதியாட்டத்தில்தான் 2022-ல் அஜர்பைஜான் பந்தயம் முடிந்ததும் லூயிஸ் ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. முன்பக்கத்தை மட்டும் இறக்கினால் முன் சக்கரங்களுக்குப் பிடி ஏறும், பின்பக்கம் வழுக்கும். அதைச் சரிகட்ட முன் இறக்கையின் கோணத்தைக் குறைக்க வேண்டும். போதாக்குறைக்கு, எரிபொருள் நிரம்பிய கார் தொடக்கத்தில் தாழ்ந்திருக்கும். தீரத் தீர உயரும். 300 கி.மீ. வேகத்தில் காற்றே காரைக் கீழே அழுத்தும். நின்றிருக்கும்போது வைத்த உயரம் ஓடும்போது இருக்காது.

எல்லோரையும் அளக்கலாமே?

1994-ல் இமோலாவில் ராட்ஸன்பெர்கர், சென்னா இருவரும் இறந்த பிறகு, கார்கள் அளவுக்கு மீறித் தாழ்வதைத் தடுக்க வந்ததுதான் இந்தப் பலகை. அதே ஆண்டு பெல்ஜியத்தில் முதலாவதாக வந்த மைக்கேல் ஷூமாக்கரின் வெற்றியே இதனால் பறிபோனது. புதிதாக இருக்கும்போது 10 மி.மீ., தேய்ந்தால் 9 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. மெக்லாரன் வேண்டுமென்றே செய்யவில்லை என்று நடுவர்கள் ஏற்றுக்கொண்டும் தண்டனை குறையவில்லை. அது சரிதான். தாழ்ந்த கார் தந்த வேகத்துக்கு, தெரிந்து செய்தது, தெரியாமல் செய்தது என்ற பேதம் கிடையாது.

நெருடுவது வேறு இடத்தில். 2023-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் பந்தயத்துக்குப் பிறகு நான்கு கார்களின் பலகைகளை மட்டும் அளந்தார்கள். அதில் இரண்டு தேறவில்லை: இரண்டாவதாக வந்த ஹாமில்டன், ஆறாவதாக வந்த சார்ல்ஸ் லெக்லெர்க். நான்கில் இரண்டு தோற்றால், மேடு பள்ளமான அந்த ஓடுதளத்தில் மிச்சக் கார்களையும் தூக்கிப் பார்த்திருக்க வேண்டாமா? பார்க்கவில்லை. இருவரும் நீக்கப்பட்டதால் பின்னால் இருந்தவர்கள் முன்னேற, லோகன் சார்ஜென்டுக்கு முதல் ஃபார்முலா 1 புள்ளி கிடைத்தது. அவருடைய பலகை அந்த நான்கில் இல்லை.

எல்லாக் கார்களையும் பிரித்துப் பார்க்க நேரமில்லை என்பது வழக்கமான சமாதானம். எல்லாக் கார்களும் வேண்டாம், புள்ளி வாங்கும் 10 கார்களையாவது அளக்கலாமே. ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு வரை அளக்கத் தெரிந்தவர்களுக்கு அது முடியாத காரியமா என்ன?