மூக்கால் மருந்து, வாயால் உணவு

குரோன் நோயை விரித்துரைத்த கட்டுரை 1932 இல் நியூயோர்க் வைத்தியர் மூவரால் வெளியிடப்பட்டது. குடலை அழற்சியால் அரிக்கும் அந்நோய்க்குள்ளாகும் சிறுவர்க்கு ஐரோப்பா முதற்சிகிச்சையாகக் கொண்ட முறையொன்றை அதே அமெரிக்கா நெடுங்காலம் புறக்கணித்து வந்தமை விசாரணைக்குரியது.

முறை எளியது. ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை பிள்ளை வேறெதனையும் உண்ணாது, போசணை முழுதும் அடங்கிய திரவ உணவை மட்டுமே பெறும். ஸ்டீரொயிட் மருந்துகளும் அழற்சியைத் தணிப்பனவே; ஆயின் அவை எலும்பை நலிவிக்கும், வளர்ச்சியைத் தடுக்கும். நோயே உயரத்தைக் குறுக்கும் பருவத்தில் மருந்தும் அதற்குத் துணைபோவதா? 2006 இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில் 37 பிள்ளைகள் பங்குபற்றினர். சிறிய ஆய்வுதான். எனினும் பத்து வாரங்களின் பின் திரவ உணவு பெற்றோருள் 74 சதவீதத்தினருக்கும், ஸ்டீரொயிட் பெற்றோருள் 33 சதவீதத்தினருக்குமே குடற்சுவர் ஆறியிருந்தது. 2014 இல் ஐரோப்பியச் சங்கங்களின் வழிகாட்டியும் இம்முறைக்கே முதலிடம் அளித்தது. இருந்தும் என்ன? 2003 இல் வெளியான கணிப்பொன்றின்படி இதனை ஒழுங்காகக் கையாண்டோர் மேற்கு ஐரோப்பிய வைத்தியருள் 62 சதவீதத்தினர். அமெரிக்கருள் 4 சதவீதத்தினர்!

"பிள்ளைகள் இதனைக் குடியார்" என்பது அங்கு கூறப்படும் சமாதானம். மான்செஸ்டரில் குடிக்கும் பிள்ளை பொஸ்ரனில் குடியாதாம்! நாவின் சுவை அத்திலாந்திக்கைக் கடந்ததும் மாறிவிடுவதில்லை. மாறுவது பணம் கொடுப்பவர் யார் என்பதே. இங்கிலாந்தில் பதினாறு வயதுக்குட்பட்டோர்க்கு வைத்தியர் எழுதிக்கொடுப்பது இலவசம். அமெரிக்கக் காப்புறுதி நிறுவனங்கள் பலவோ, அதே திரவம் மூக்குக் குழாய் வழியே சென்றால் மருந்தென்று பணம் செலுத்தும். வாய் வழியே சென்றால் உணவென்று கைவிரிக்கும். குடலுக்கு இவ்வேறுபாடு தெரியாது.

புரைத்துளை கண்ட பிள்ளைக்கு இன்பிளிக்சிமாப் போன்ற மருந்தே தக்கது. அதனை மறுப்பார் எவருமிலர். பெருங்குடற் புண்ணழற்சிக்கும் இத்திரவம் பயன்படாது. ஆனால் இவ்விரண்டும் அல்லாத பிள்ளையின் தாய்க்கு இப்படியொரு வழி உண்டென்பதையே சொல்லாமல் ஸ்டீரொயிட் எழுதும் வைத்தியர், குடியாது என்ற முடிவை அப்பிள்ளையிடம் கேட்டா எடுத்தார்? இன்று அமெரிக்க நிலையங்கள் சில இம்முறைக்குத் திரும்பியுள்ளன. அங்கே பிள்ளைகள் குடிக்கின்றனர்.